பிராட்ஃபோர்ட் போனால் எக்கிள்ஸ்ஹில் வரைக்கும் போய் வாருங்கள்

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் நேரே சால்டேருக்குத்தான் போகிறார்கள். கம்பளி ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் 1853-இல் திறந்த ஆலை, தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர், 2001-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் எல்லாம் சரி. அழகான இடம்தான். ஆனால் உலகத்துக்கே கம்பளி விற்ற நகரத்தில் கூலிக்காரன் எப்படிப் பிழைத்தான் என்று பார்க்க எக்கிள்ஸ்ஹில் பகுதியில் உள்ள தொழில்துறை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். 1875 வாக்கில் கட்டிய மூர்சைட் நூற்பாலைக்குள்ளேயே 1974 முதல் அது நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

நான் போன அன்று ஒரே ஒரு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார்கள். தரை அதிர்ந்து முழங்கால் வரை ஏறியது. பக்கத்தில் நின்ற நண்பர் கத்தியது காதில் விழவில்லை. கூடம் நிறைய இதுபோல் ஓடினால் காது என்னவாகும்?

வெளியே முதுகோடு முதுகு ஒட்டிய தொழிலாளர் வீடுகள். பின்பக்கம் கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். உள்ளே நாலு எட்டு வைத்தால் பகலிலேயே இருட்டு. அதே வளாகத்தில் ஆலை மேலாளரின் பெரிய வீடும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது.

அந்தக் காலத்தில் இங்கே 'கம்பளி பிரிப்பவர் நோய்' என்று ஒன்று இருந்தது. அல்பாகா, மொகேர் (அங்கோரா ஆட்டு ரோமம்) போன்ற விலங்கு ரோம மூட்டைகளைப் பிரித்துத் தரம் பார்த்த ஆட்கள் ஓரிரு நாளில் செத்துப்போனார்கள். அது கால்நடைகளிடமிருந்து தொற்றும் ஆந்த்ராக்ஸ் கிருமி நோய் என்று 1880 வாக்கில் கண்டுபிடித்துச் சொன்னவர் இந்த ஊர் மருத்துவர் ஜான் ஹென்றி பெல். சால்ட் பெயரில் ஒரு ஊரே இருக்கிறது. மூட்டை பிரித்துச் செத்தவர்கள் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? உள்ளூர் அருங்காட்சியகம் முதலில் சொல்ல வேண்டியது அவர்கள் கதையைத்தான் என்பேன்.

அப்புறம், 1950, 60-களில் பாகிஸ்தானிலிருந்து வந்து இந்த ஊர் ஆலைகளில் இரவு ஷிஃப்ட் பார்த்தவர்கள். அங்கே மங்களா அணை கட்டியதில் நிலம் இழந்த மிர்பூர்க்காரர்கள் பலர். அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். அவர்கள் குரலை இப்போதே பதிவு செய்ய வேண்டும், இன்னும் பத்து வருஷம் கழித்து அல்ல.

அன்று ஒரு பெரியவர் பேரனோடு வந்திருந்தார். ஓடாத நூற்பு இயந்திரத்தின் முன்னால் நின்று, அறுந்த இழையை எப்படி முடிச்சுப் போடுவது என்று பையனுக்குக் காட்டினார். கையில் நூல் இல்லை. விரல்கள் மட்டும் அத்தனை வேகமாக ஓடின.