கிராண்ட் விட்டாரா ஹைப்ரிட்: டிக்கியையும் பாருங்கள்

வசதிகளில் ஹூண்டாய் கிரெட்டா முன்னே நிற்கிறது, அதனால் பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள மாருதி கிராண்ட் விட்டாரா ஹைப்ரிடை ஒதுக்கிவிடலாம் என்கிறது, இரண்டையும் ஒப்பிட்டு நான் படித்த ஒரு கட்டுரை. ஹைப்ரிட்தான் என்று இருந்த எனக்கும் இப்போது யோசனை வந்திருக்கிறது, ஆனால் காரணம் வேறு. லெவல் 2 அடாஸ் (தானாகப் பிரேக் பிடிப்பது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகள்) கிரெட்டாவின் மேல் மாடல்களில் உண்டு, விட்டாராவில் கிடையாது, சரி. பைக்காரர் குறுக்கே நுழையும்போதெல்லாம் தானாகப் பிரேக் அடிக்கிற வண்டியை நம் ஊரில் எத்தனை பேர் விரும்புவார்கள்?

என்னை யோசிக்க வைத்தது டிக்கிதான். விட்டாரா ஹைப்ரிடில் பேட்டரி பின்னால் அடியில் இருப்பதால் தரை மேடாகிவிட்டது. 265 லிட்டர்தான், கிரெட்டாவில் 433. ஷோரூமில் திறந்து பார்த்தேன். பெரிய சூட்கேஸ் ஒன்றைப் படுக்க வைத்தால் அதோடு சரி. ஐந்து பேர் ஊருக்குக் கிளம்பினால் மீதிப் பைகள் மடியில்தான்.

ஹைப்ரிடுக்குச் சொல்லும் லிட்டருக்கு 27.97 கி.மீ. மைலேஜ் என்பது சோதனைக்கூட எண். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் அணைந்து மோட்டார் இழுக்கும், பிரேக் பிடித்தால் சார்ஜ் ஏறும், லாபம் அங்கேதான். பைபாஸில் நூறில் போனால் பெரும்பாலும் எஞ்சின்தான் உழைக்கிறது. மாதம் 1,000 கி.மீ. ஓட்டி, லிட்டருக்கு 15-க்குப் பதில் 22 கிடைக்கிறது என்று வையுங்கள், சுமார் 21 லிட்டர் மிச்சம். சென்னையில் தினமும் கிண்டி வழியாக ஆபீஸ் போகிறவருக்கு இப்போதும் ஹைப்ரிடைத்தான் சொல்வேன். எனக்குத் திருச்சி ஓட்டம்தான் அதிகம், அதனால் கிரெட்டாவை இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

அப்புறம், பேட்டரி போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: அதற்கு 8 ஆண்டு வாரன்டி இருக்கிறது.