விழுந்தால் குத்துமா? நரிவேட்டைக் குதிரையில் சோறு தண்ணி

நரிவேட்டைப் படம் என்றால் எல்லோர் கண்ணும் சிவப்புக் கோட்டுக்கும் நாய்க் கூட்டத்துக்கும் போகும். சேணத்தின் வலது பக்கம் தொங்கும் சின்னத் தோல் சாப்பாட்டு டப்பாவை யாரும் கவனிப்பதில்லை. கவனிக்கிற சிலரும் அதைப் பழைய காலத்துப் பந்தா என்று தள்ளிவிட்டு, முதுகில் ஒரு பை, இடுப்பில் ஒரு பை, கோட்டின் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு சாமான் என்று கிளம்புகிறார்கள். டப்பாதான் சரி, பைதான் தப்பு என்பது என் கட்சி.

வேட்டை நியாயமா என்ற சண்டை தனி. 2004-ல் போட்ட சட்டம் 2005 பிப்ரவரி 18 முதல் அமலுக்கு வந்து, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியைத் துரத்துவது குற்றமானது. அதன்பின் முன்கூட்டியே இழுத்துவிட்ட வாசனைத் தடத்தில் நாய்களை ஓட்டும் வழக்கம் வந்தது. அயர்லாந்துக் குடியரசிலும் அமெரிக்காவிலும் பழைய முறை தொடர்கிறது. நம் ஊட்டிக்கு வெளியே வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நடத்தியதும் இதேதான், அங்கே துரத்தப்பட்டது குள்ளநரி. எங்கே நடந்தாலும் குதிரை மேல் இருப்பவரின் பாடு ஒன்றுதான். காலை 11 மணி வாக்கில் கூடினால் திரும்ப மூன்று, நான்கு மணி ஆகும். நவம்பர் முதல் மார்ச் வரை குளிர், மழை, சேறு. வழியில் கடை கிடையாது, ஒரு கை எப்போதும் கடிவாளத்தில்.

எந்தச் சாமானை எங்கே வைப்பது என்பதற்கு இரண்டு கேள்வி போதும். விழுந்தால் அது உடம்பில் குத்துமா? குதிரை நம்மை விட்டுவிட்டு ஓடிவிட்டால் அது நம்மிடம் இருக்க வேண்டுமா, அதோடு போனால் பரவாயில்லையா?

இரண்டாவது கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. போனைச் சேணப் பையில் போட்டால், காலொடிந்து வேலியோரம் கிடக்கும் நேரத்தில் போன் இரண்டு வயல் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே போன், இன்ஹேலர், ஒவ்வாமை ஊசி, பெயரும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுதிய அட்டை, இவை நான்கும் உடம்போடு இருக்க வேண்டும். மற்றதெல்லாம் சேணத்தில். உடம்பில் வைப்பதையும் நெஞ்சுப் பாக்கெட்டில் வைக்காதீர்கள். விழுந்தால் விலா எலும்புக்கும் தரைக்கும் நடுவே மாட்டும். முதுகுப் பையும் பின்பக்கம் திருப்பிய இடுப்புப் பையும் தண்டுவடத்தின் மேலேயே கட்டியான சாமானை வைக்கின்றன. முதுகுப் பை மரக்கிளையிலும் சிக்கும். விழுந்ததும் காற்று நிரம்பி உப்பும் பாதுகாப்பு ஜாக்கெட் போடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது உப்பும்போது அடியில் பாக்கெட்டில் இருப்பதை உள்நோக்கி அழுத்தும். கோட்டின் கீழ்ப் பாக்கெட்டில், தொடை மேல் விழுகிற மாதிரி, போன் இருப்பதே குறைந்த ஆபத்து.

இனி டப்பா. மேல் வார்கள் சேணத்தின் வலது பக்க டி வளையங்களில் மாட்டும், கீழ் வார் வயிற்றுவாரோடு சேரும். அந்தக் கீழ் வாரைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது இல்லையென்றால் குதிரை பாயும் ஒவ்வொரு முறையும் டப்பா விலாவில் அடிக்கும். பொறுமைசாலிக் குதிரைகூட அரைமணி நேரத்தில் பின்னங்காலைத் தூக்கிவிடும். வலது பக்கம் ஏன் என்றால், இடது பக்கமாகத்தான் ஏறுகிறோம், அங்கே தொங்கினால் கால் இடிக்கும். வளையத்தையும் நம்பிவிடக் கூடாது. சில சேணங்களில் அது வெறும் தோல் துண்டில் தைத்த அலங்காரம். மாட்டுவதற்கு முன் நன்றாக இழுத்துப் பாருங்கள், தையல் நெளிந்தால் அதில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

டப்பாவுக்குள் ஒரு தகரப் பெட்டி, பக்கத்தில் தட்டைக் குடுவை. பெட்டி ஒடுக்கமானது, நம் டிபன் கேரியர் தாராளத்தை அதில் எதிர்பார்க்க முடியாது. மெல்லிய ரொட்டி, ஓரம் வெட்டியது, வெண்ணெய் விளிம்பு வரை. வெண்ணெய் ருசிக்கு மட்டும் அல்ல, ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கவும்தான். உள்ளே கோழியோ ஹாமோ மெல்லிசாக. தக்காளி, வெள்ளரி, மயோனைஸ் மூன்றும் ஒரு மணி நேரக் குலுக்கலில் கூழாகிவிடும். விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, மெழுகுத் தாளில் சுற்ற வேண்டும். ஒட்டும் பிளாஸ்டிக் தாளைக் கையுறையோடு பிரிக்க முடியாது, அலுமினியத் தாளின் சரசரப்பில் பக்கத்துக் குதிரை மிரளும். சாக்லேட் பாரின் உறையையும் வீட்டிலேயே பிரித்து மெழுகுத் தாளுக்கு மாற்றிவிடுங்கள். குளிரில் அது கல்லாகிவிடும் என்பதால் வில்லையாக நறுக்கியும் விடுங்கள். அமெரிக்கக் குதிரைக் கண்காட்சிகளில் இந்த டப்பாவைத் திறந்து பார்த்து மதிப்பெண் போடும் பிரிவே உண்டு. சாண்ட்விச்சைக் கடித்துப் பார்க்கும் நடுவர்களும் உண்டு என்பார்கள்.

சாப்பிடும் நேரம், நாய்கள் தடத்தை விட்டுவிட்டு மோப்பம் தேடி நிற்கும் முதல் இடைவெளி. பசிக்கட்டும் என்று காத்திருந்தால் அடுத்த இடைவெளி எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கடிவாளம் இடது கையில், வலது கை டப்பாவில், குதிரையின் தலை நாய்கள் பக்கம். பின்புறத்தைக் காட்டி நின்று, குதிரை ஒரு நாயை உதைத்துவிட்டால் அன்றைய வேட்டை அதோடு சரி, வேட்டையை நடத்தும் தலைவரான மாஸ்டர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கீழே சிந்தவும் கூடாது. சாக்லேட்டும், உலர்திராட்சை போட்ட கேக்கும் நாய்க்கு விஷம். கூடுமிடத்தில் தட்டில் வரும் பழக் கேக்கைப் பாசத்தோடு நாய்க்கு நீட்டுகிறவர்களை அதட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. குதிரைக்குக் கொடுக்க ஆசையென்றால் போலோ மிட்டாய் இரண்டு போதும்.

குடிக்கிற விஷயத்தில்தான் எனக்கு உண்மையான சண்டை. போர்ட் என்ற இனிப்பு ஒயின், ஸ்லோ ஜின், விஸ்கியும் செர்ரி பிராந்தியும் சரிபாதியாகக் கலந்த பெர்சி ஸ்பெஷல் என்று எல்லார் குடுவையும் நிறைந்திருக்கும், தண்ணீர் பத்தில் ஒருவரிடம் இருந்தால் அதிசயம். ஆறு அவுன்ஸ் குடுவை என்பது 170 மில்லி. பெர்சி ஸ்பெஷல் அளவுக்குக் காரமான சரக்கென்றால் பிரிட்டிஷ் கணக்கில் ஏறக்குறைய 5 யூனிட் (ஒரு யூனிட் 10 மில்லி சுத்த ஆல்கஹால்). குடுவையைக் கைமாற்றிக் குடிப்பது மரபு என்பதால் யாருக்கும் கணக்கு நிற்காது. மது தோலுக்கு ரத்தத்தை இழுப்பதால் சூடேறியது போலிருக்கும். உடம்போ சூட்டை இழந்துகொண்டிருக்கும். 1872-ன் லைசென்சிங் சட்டப்படி பொது இடத்தில் குடிபோதையில் குதிரையைக் கையாள்வதே இங்கிலாந்தில் குற்றம், அதற்குமேல் மாலையில் குதிரை லாரியையும் ஓட்ட வேண்டும். 250 மில்லி தண்ணீரை மடங்கும் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கோட்டின் கீழ்ப் பாக்கெட்டில் போடுங்கள், விழுந்தாலும் குத்தாது. கண்ணாடிக் குடுவை சேணத்தின் தோல் உறைக்குள் மட்டும் இருக்கட்டும், உடம்பில் வேண்டவே வேண்டாம். மூடி கீலோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும், திருகிக் கழற்றும் மூடி சேற்றில் விழுந்தால் கிடைக்காது.

மிச்சச் சாமான் கொஞ்சம்தான். மடிக்கும் குளம்பு கொக்கி. கை நீளச் சணல் கயிறு இரண்டு, அறுந்த வாருக்கும் கேட் கட்டவும். பூட்டிக்கொள்ளாத, 3 அங்குலத்துக்குக் குறைந்த மடக்குக் கத்தி. இந்த வகையைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்க பிரிட்டனில் சட்டம் இடம் தருகிறது. அன்றைய கட்டணத்துக்கு ரொக்கம். கழுத்தில் சுற்றும் வெள்ளைத் துணியே கட்டுப் போடவும் கை தொங்கவிடவும் உதவும், அதன் ஊக்கைப் படுக்கைவாட்டில் குத்த வேண்டும், நிமிர்த்திக் குத்தினால் விழும்போது தொண்டைக்கு வரும். நூல் கையுறை ஒரு ஜோடியை வயிற்றுவாரின் வார்களுக்கு அடியில், விரல்கள் முன்னோக்கி இருக்கச் செருகி வைப்பார்கள். மழையில் தோல் கையுறை கடிவாளத்தில் வழுக்கும், நூல் பிடித்துக்கொள்ளும்.

வீடு திரும்பியதும் பெட்டியை அன்றே காலி செய்து கழுவிவிடுங்கள், வெண்ணெய் சிக்கெடுத்தால் அந்த வாடை தோலில் ஏறி வேட்டைக் காலம் முழுக்கப் போகாது. குடுவையை வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, மூடாமல் கவிழ்த்துக் காய வையுங்கள். போர்ட்டின் சர்க்கரை காய்ந்தால் மூடி இறுகிவிடும், அடுத்த வாரம் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு ஒற்றைக் கையால் அதைத் திறக்க முடியாது.