ஓய்வுநாளில் குழம்பு வைப்பது யார்?

அதிகாலை நாலரைக்கு எழுந்து ஜெபித்தால் நாள் முழுவதும் ஜெயம் என்று வாட்ஸ்அப்பில் வாரம் தவறாமல் ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவர்களில் அநேகர் ஆண்கள். அந்த நேரத்துக்கு எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் ஏற்கெனவே எழுந்தாயிற்று. தண்ணீர் பிடிக்கணும், பிள்ளைகளுக்கு டிபன் கட்டணும், ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.

ஓய்வைப் பற்றியும் அன்றாட ஒழுங்கைப் பற்றியும் நம் கிறிஸ்தவ சபைகளில் எப்போது பேசினாலும் அது தனிமனிதக் கட்டுப்பாட்டில் போய் முடிகிறது. சீக்கிரம் படு, அலாரம் வை, போனைத் தூர வை. நல்ல புத்திதான், தப்பில்லை. ஆனால் ஒருவருக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. சுற்றி இருக்கிறவர்கள் கையில் இருக்கிறது.

தூத்துக்குடியிலும் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களிலும் பாருங்கள். கத்தோலிக்க மீனவர்கள் பொதுவாக ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. சனிக்கிழமையே கரை சேர்ந்துவிடுவார்கள். ஒருத்தர் மட்டும் வீட்டில் இருந்தால் அவருக்கு நஷ்டம். பக்கத்து வள்ளம் மீனோடு வரும், நல்ல விலைக்குப் போகும், அடுத்த வாரம் இவரும் கிளம்பிவிடுவார். ஊரே போகாமல் இருப்பதால் யாருக்கும் பயமில்லை. எந்தத் தனி ஆளின் பக்தி வைராக்கியமும் இதைச் சாதித்திருக்காது. ஊர்க் கட்டுப்பாடு சாதித்தது. (தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கடலிலேயே கிடக்கும். அவர்கள் பாடு வேறு.)

பத்துக் கட்டளை வேதாகமத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. யாத்திராகமம் 20இல் ஓய்வுநாளுக்குக் காரணம், கர்த்தர் ஆறு நாளில் படைத்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமம் 5இல் காரணமே வேறு: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், அதை நினை. செங்கல் கணக்குக் குறையாமல் வாங்கப்பட்ட ஜனத்துக்குக் கொடுத்த சட்டம் அது. யார் யார் வேலை செய்யக்கூடாது என்று அங்கே பட்டியலே இருக்கிறது. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன். கடைசியில், நீ இளைப்பாறுவதுபோல அவர்களும் இளைப்பாறவேண்டும் என்று தனியாக ஒரு வரி. ஆக அந்தக் கட்டளை பேசுவது களைத்துக் கிடக்கிறவனிடம் அல்ல, வேலை வாங்குகிறவனிடம்.

பட்டியலில் மனைவி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று விளக்கம் சொல்கிறார்கள். இருக்கலாம். நம் வீடுகளில் நடப்பதைப் பார்த்தால் கழுதைக்குக் கிடைத்த இடம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

நம் ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகிறது? காலையில் சண்டே ஸ்கூல், அப்புறம் ஆராதனை, அது முடிந்ததும் கமிட்டி. மத்தியானம் கறிக்குழம்பு இல்லாவிட்டால் அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. கூடவே விருந்தாளியும் வந்துவிடுவார். சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். அங்கே டீயும் வடையும் போடுகிறவருக்குப் பிரசங்கம் காதில் விழாது. மறுநாள் திங்கட்கிழமை அந்த அக்கா ஸ்கூலுக்கோ ஆபீசுக்கோ போகும்போது ஆறு நாள் வேலை செய்த களைப்போடு ஏழாம் நாளின் களைப்பும் சேர்ந்து போகிறது. இதில் "சிஸ்டர், நீங்க உபவாச ஜெபத்துக்கு வர்றதே இல்லையே" என்று ஒரு கேள்வி வேறு.

தீர்க்கதரிசி எலியா களைத்துப்போய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, போதும் ஆண்டவரே என்றபோது தேவதூதன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், திரும்பவும் படுத்தான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான் தூதன். கேள்வியெல்லாம் ஓரேப் மலைக்குப் போன பிறகுதான். அடையைச் சுடச் சொல்லி எலியாவை எழுப்பவில்லை என்பதைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்கவும்.

ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி குடும்ப ஜெபம் எங்கள் வீட்டில் என் தாத்தா காலத்திலிருந்து நடக்கிறது. ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், சின்ன ஜெபம், பத்து நிமிஷம். இன்றைக்குச் செய்வோமா வேண்டாமா என்று யாரும் யோசிப்பதில்லை என்பதால் அது பாரமாகவே தெரிவதில்லை. அப்படிப்பட்ட ஒழுங்கு ஓய்வுக்கு விரோதமானது அல்ல. ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளின் மேல் இன்னொன்றை ஏற்றிவிட்டு, முடியாதவரைப் பார்த்து 'ஆவியில் அனலில்லை' என்கிறோமே, அதுதான் எனக்குப் பிரச்சினை.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: சபை வேலை கர்த்தருடைய வேலை, அதில் ஓய்வு பார்க்கலாமா? பலி செலுத்துகிற ஆசாரியர்கள் ஓய்வுநாளிலும் ஆலயத்தில் வேலை செய்தார்கள், குற்றமில்லாதிருந்தார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், மத்தேயு 12. உண்மைதான். ஆனால் அதே ஆசாரியர்கள் 24 வகுப்பாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள், 1 நாளாகமம் 24இல் அந்தப் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. முறைப்படி ஓய்வுநாளில் ஒரு வகுப்பு உள்ளே வரும், இன்னொரு வகுப்பு வீட்டுக்குப் போகும். ஒரே ஆசாரியன் வருஷம் முழுக்க நின்றுகொண்டிருக்கவில்லை.

நம் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர் யார்? அதே ஐந்து பேர். விபிஎஸ், அதாவது லீவில் பிள்ளைகளுக்கு நடத்தும் வேதாகமப் பள்ளி, யார்? அதே ஐந்து பேர். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, காய் நறுக்குவது? அவர்களும் அவர்களுடைய அம்மாக்களும். வருகிற கமிட்டியில் பெயிண்ட், சவுண்ட் சிஸ்டம் கணக்கெல்லாம் பேசி முடித்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு முறைப் பட்டியல் போடுங்கள். ஐயருக்கு, அதாவது நம் போதகருக்கு, திங்கட்கிழமை லீவு என்று அதில் எழுதுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் எந்தக் கூட்டமும் கிடையாது என்றும் எழுதுங்கள். அன்றைக்கு மத்தியானச் சமையல் ஆண்களுடையது. தயிர்சாதம் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.