இரண்டு வருடப் படிப்பு

கரீபியன் தீவுகளிலிருந்து வந்த நர்ஸ்களுக்கு பிரிட்டன் நல்ல படிப்பும் பதவியும் கொடுத்தது என்று கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். 1948-ல் தேசிய சுகாதார சேவை தொடங்கிய பிறகு வந்தவர்களில் பலரை, மூன்று வருட எஸ்.ஆர்.என். (முழுத் தகுதி பெற்ற நர்ஸ்) படிப்புக்குப் பதில் இரண்டு வருட எஸ்.இ.என். (அதற்குக் கீழ்நிலை நர்ஸ்) படிப்பில் தள்ளிவிட்டார்கள். அதில் பதவி உயர்வு அநேகமாகக் கிடையாது, ஊர் திரும்பினால் சான்றிதழும் செல்லாது. லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு பார்படாஸ் அம்மாவுக்கு நடந்தது இதுதான். வித்தியாசமே சேர்ந்த பிறகுதான் தெரிந்ததாம்! பகலில் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று வருடக்கணக்காக இரவுப் பணி பார்த்தார். கட்டுரைக்கு மேலே கருத்து எழுதிய ஒருவர் 'இந்த நர்ஸ்கள் பணத்துக்காகத்தானே வந்தார்கள்' என்கிறார். சரி, பணத்துக்குத்தான். அந்த பார்படாஸ் அம்மா இறந்த பிறகு அவருடைய மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் காட்டினார். உள்ளே, அந்த அம்மா தன் தாய்க்கு மாதாமாதம் அனுப்பிய பணத்தின் ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்டு, வருடவாரியாக.