சான்றிதழா, எம்.டெக்கா? அக்கா மகளுக்கு நான் சொன்னது

ஓணம் லீவுக்குக் கேரள எல்லைப் பக்கம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை போயிருந்தேன். அக்கா மகள் பி.டெக் கடைசி வருடம். சைபர் செக்யூரிட்டிதான் தன் வழி என்று முடிவு பண்ணியிருக்கிறாள். "மாமா, ஓஎஸ்சிபி, சிஐஎஸ்எஸ்பி ரெண்டும் எடுத்துட்டா எம்.டெக் தேவையில்லைன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். ஓஎஸ்சிபி என்பது கணினிக்குள் ஊடுருவிக் காட்டுகிற செய்முறைத் தேர்வு, சிஐஎஸ்எஸ்பி என்பது சைபர் பாதுகாப்பில் அனுபவம் உள்ளவர்களுக்கான சான்றிதழ். அந்த ரெண்டு சான்றிதழும் என்னிடம் இருக்கின்றன, எம்.டெக் இல்லை. ஆனாலும் அவளிடம் எம்.டெக் போகத்தான் சொன்னேன். எல்லைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதையே கேட்பதால் காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சான்றிதழை நான் குறைத்துப் பேச மாட்டேன். எனக்குச் சோறு போட்டது அதுதான். 2019ல் ஓஎஸ்சிபி தேர்வை எங்கள் வீட்டு மாடி அறையில்தான் எழுதினேன். 23 மணி 45 நிமிடம். கொடுக்கிற மெஷின்களில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று நாமே தேடி உள்ளே போக வேண்டும். அது முடிந்ததும் அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். வெப்கேமில் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. அம்மா சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, "சாமி, ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுரு" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். ராத்திரி ரெண்டு மணிக்குக் கரன்ட் போய்விட்டது. நல்ல வேளையாக இன்வெர்ட்டர் தாங்கியது. விடியக்காலம் தோப்பில் கள் இறக்குகிறவர் தென்னம்பாளையைத் தட்டுகிற சத்தம் கேட்க ஆரம்பித்தபோது கடைசி மெஷினில் ரூட், அதாவது முழு அதிகாரம், கிடைத்தது.

கோயம்புத்தூரில் நைட் ஷிப்டில் தாக்குதல் அலர்ட் பார்த்துக்கொண்டிருந்த என்னை, அனுமதியோடு உள்ளே புகுந்து ஓட்டை தேடுகிற பென்டெஸ்டிங் டீமில் உட்கார வைத்தது அந்தத் தேர்வுதான். படித்த கல்லூரியின் பெயரைக் கேட்டதுமே பேச்சை முடித்துக்கொண்ட இன்டர்வியூக்களை அதற்கு முன் பார்த்திருக்கிறேன். அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை.

சிஐஎஸ்எஸ்பி வேறு வகை. சைபர் பாதுகாப்பின் எட்டுத் துறைகளில் குறைந்தது இரண்டில் சேர்த்து ஐந்து வருட வேலை அனுபவம் கேட்பார்கள். நாலு வருடப் பட்டம் இருந்தால் அதில் ஒரு வருடம் கழியும். அனுபவம் இல்லாமலும் தேர்வு எழுதலாம், ஆனால் பாஸ் செய்தால் 'அசோசியேட்' என்ற பெயர்தான் கிடைக்கும். அனுபவத்தைக் காட்ட ஆறு வருடம் தருவார்கள். தேர்வுக் கட்டணம் மட்டும் 749 டாலர். படித்து முடிக்கும் முன்னே ஒரு பிள்ளை இந்தப் பணத்தைக் கட்டுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. வேலைக்குப் போய், பொறுப்பு ஏறி, கம்பெனியே பணம் கட்டுகிற காலத்தில் எடுத்தால் போதும்.

"சிஐஎஸ்எஸ்பி முதுகலைக்குச் சமம்" என்று ஒரு பேச்சும் சுற்றுகிறது. 2020ல் பிரிட்டனில் அதன் தரத்தை முதுகலை மட்டத்தோடு ஒப்பிட்டுச் சொன்னது உண்மை. ஒப்பிட்டது தரத்தைத்தான், பட்டம் யாரும் தரவில்லை. நம் ஊர் இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்றால் எம்.டெக்கைத்தான் கேட்பார்கள்.

இனி, சான்றிதழால் வளர்ந்த நான் ஏன் எம்.டெக் பக்கம் மாறினேன் என்று சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு சின்னக் கருவியின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதித்திருக்கிற சாஃப்ட்வேரை, பிரித்துப் பார்க்கும் வேலை வந்தது. உள்ளே அதைச் செய்தவர்களே எழுதிய ஒரு என்கிரிப்ஷன், அதாவது தகவலைப் பூட்டி வைக்கிற முறை. எனக்குத் தெரிந்த எல்லா டூலையும் நாலு நாள் ஓட்டிப் பார்த்தேன், நகரவில்லை. எம்.டெக் முடித்துவிட்டு வந்த ஒரு தம்பி நோட்டை எடுத்துச் சமன்பாடு எழுத ஆரம்பித்தான். சாயங்காலத்துக்குள் தவறு எங்கே என்று காட்டிவிட்டான். என்னைவிட வேகமாக டைப் அடிப்பவன் ஒன்றும் இல்லை. அந்தக் கணக்கோடு ரெண்டு வருடம் உட்கார அவனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா மகளும் அந்த ரகம். அந்த லீவில் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் என்கிரிப்ஷனில் பயன்படுகிற எலிப்டிக் கர்வ் கணக்கைக் கையாலேயே போட்டுக்கொண்டிருந்தாள். 17 என்ற பகா எண்ணை வைத்து அந்த வளைவின் ஒவ்வொரு புள்ளியாகக் கண்டுபிடித்து, முடிவிலிப் புள்ளியையும் சேர்த்து 19 என்று எண்ணி முடித்தாள். அப்புறம், "அது ஏன் மாமா 19? இத்தனைதான் வரும்னு எண்ணாமலே சொல்ல முடியுமா?" என்றாள். இப்படிக் கேட்கிற பிள்ளையை நேரே அலர்ட் ஸ்க்ரீன் முன்னால் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் கடன் வாங்கி எம்.டெக் வேண்டாம். இதில் நான் பிடிவாதம். லட்சக்கணக்கில் கல்விக் கடன் எடுத்து, பி.டெக் பாடத்தையே திரும்ப நடத்துகிற இடத்தில் சேர்வதற்குப் பதில் வேலைக்குப் போய்விடலாம். எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் எழுதி நல்ல ஸ்கோரோடு ஐஐடி, என்ஐடி மாதிரி இடத்தில் முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. அக்காவிடம் காசு கேட்காமல் ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக் காணும். கேட் ஸ்கோர் மூன்று வருடம் செல்லும் என்பதால், இடையில் வேலைக்குப் போனாலும் வீணாகாது. ஓஎஸ்சிபிக்கு இன்றைக்குப் பாடமும் தேர்வும் சேர்த்து ஒன்றரை லட்சம் ஆகிறது. அதை முதல் சம்பளத்திலிருந்து சேர்த்து எழுதட்டும்.

வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிற பிள்ளைக்கு இதையே சொல்ல மாட்டேன். அவர்கள் முதலில் வேலை, பிறகு ஓஎஸ்சிபி என்று போகட்டும். நானும் அப்படித்தான் வந்தேன்.

கேட் விண்ணப்பத்துக்குப் போட்டோ எடுத்துவிட்டாள். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கம் யாருக்காவது பழைய கேட் வினாத்தாள் வேண்டுமென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ரெண்டு செட் பிரின்ட் எடுத்து அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.