விட்டுவிட்டால் போதுமா?
மகசீர் என்னும் பெரிய ஆற்று மீனைப் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டுப் பிடிப்பது பற்றிய கட்டுரையில், 'பிடித்தவுடன் ஆற்றில் விட்டுவிட்டால் மகசீருக்குப் பாதிப்பே இல்லை' என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் கர்நாடகக் காவிரிக் கரையில் நேரில் பார்த்தேன்: முக்கால் மணி நேரம் தூண்டிலோடு போராடிய மீனைப் படம் எடுப்பதற்காகத் திரும்பத் திரும்ப நீருக்கு மேலே தூக்கினார்கள். விட்டபோது அது நீந்தவில்லை, மல்லாந்து மிதந்தது. கோடையில் வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜனும் குறைவு. களைத்த மீன் எப்படித் தேறும்? தூண்டில்காரர்கள் இருந்தவரை ஆற்றில் வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் அஞ்சினார்கள் என்று கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் சொல்வது உண்மைதான். மகசீரில் ஒரு வகையான திமில் மகசீர் அருகிவருவதைக் காட்டியதும் தூண்டில்காரர்களுடைய பதிவேடுகளே. ஆனால் காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத, 2018இல் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்ட மீன் அது. காவலுக்கு உள்ளூர் மீனவர்களையே சம்பளம் கொடுத்து வைக்கலாமே, அதற்குத் தூண்டில் எதற்கு?