சுலிகோவைத் தேடாதீர்கள்

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் முதல் செல்லோ கான்செர்டோ (பெரிய வயலின் மாதிரியான செல்லோ முன்னே நிற்க, ஆர்கெஸ்ட்ரா கூட வாசிக்கும் படைப்பு) பற்றி யார் எழுதினாலும் அந்தச் சுலிகோ கதையை இழுத்து வந்துவிடுகிறார்கள். ஸ்டாலினுக்குப் பிடித்த ஜார்ஜியப் பாட்டு அது. ஸ்டாலின் செத்து ஆறு வருஷம் கழித்து, 1959-ல் எழுதிய இந்தப் படைப்பின் கடைசிப் பகுதியில் ஷோஸ்டகோவிச் அதைப் பிய்த்துப்போட்டு, கிண்டலாக ஒளித்து வைத்திருக்கிறார். உண்மைதான். ஆனால் இது யாருக்காக எழுதப்பட்டதோ, அந்தச் செல்லோக் கலைஞர் ரோஸ்ட்ரோபோவிச்சின் காதிலேயே ஷோஸ்டகோவிச் சுட்டிக்காட்டும்வரை அது சிக்கவில்லை. நாலே நாளில் மொத்தத்தையும் மனப்பாடம் செய்த மனுஷர்! நாம் இயர்போனை மாட்டிக்கொண்டு துப்பறிந்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு இந்தக் கான்செர்டோ என்றால் ஹார்ன்தான். ஆர்கெஸ்ட்ராவில் பித்தளை வாத்தியம் அது ஒன்றே ஒன்று. டிரம்பெட் கிடையாது, டிராம்போன் கிடையாது. எடுத்த எடுப்பில் செல்லோ நாலு ஸ்வரத்தைப் போடும். பிறகு அதையே பிடித்துக்கொண்டு நச்சரிக்கும். அதே நாலை ஹார்ன் வாங்கி உரக்கச் சொல்லும்போது, துணைக்கு வந்திருக்கிறதா, வேவு பார்க்க வந்திருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இரண்டாம் பகுதி முடியும் இடம் இன்னொன்று. செல்லோக்காரர் தந்தியை அழுத்தாமல், விரல் நுனியால் சும்மா தொட்டபடி வில்லை இழுப்பார். அந்தக் கனத்த குரல் போய் விசில் மாதிரி மெலிசாக ஒன்று வரும். அதற்குச் செலஸ்டா என்கிற சின்னப் பியானோ மாதிரி வாத்தியம் மணிமணியாகப் பதில் சொல்லும். முதல் தடவை ராத்திரியில் கேட்டபோது பக்கத்து அறையில் யாருடைய போனோ அடிக்கிறது என்று எழுந்து போய்ப் பார்த்தேன்!

மூன்றாம் பகுதி முழுக்கச் செல்லோ மட்டும். வழக்கமாகக் கடென்சா, அதாவது ஆர்கெஸ்ட்ரா ஒதுங்கிக்கொள்ள ஒருவர் மட்டும் தனியாக வாசிப்பது, ஒரு பகுதிக்குள் வந்து போகிற சமாச்சாரம்; இங்கே அதுவே தனிப் பகுதி. மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசும். நடுவே தந்தியைச் சுண்டி நிறுத்தும். பிறகு வேகம் ஏறி, ஏறி, கடைசிப் பகுதிக்குள் அப்படியே போய் விழும். வீடியோவில் பார்த்தால் ஹார்ன்காரர் மடியில் ஹார்னோடு காத்திருப்பார்.

புதிதாகக் கேட்பவர்கள் ரோஸ்ட்ரோபோவிச், நடத்துநர் ஆர்மண்டியின் ஃபிலடெல்ஃபியா ஆர்கெஸ்ட்ராவோடு அதே 1959-ல் செய்த ஒலிப்பதிவில் தொடங்கலாம். ஷோஸ்டகோவிச்சும் அங்கே உட்கார்ந்திருந்தார். முடிவில் அந்த நாலு ஸ்வரம் திரும்பி வரும், ஹார்னும் வரும், டிம்பனி முரசு ஓங்கி அறையும். அந்த நேரத்தில் சுலிகோ ஞாபகத்துக்கு வந்தால் சொல்லுங்கள்.